திண்ணைப் பூனை

ஆனி மாதத்துச் சாரல் இலத்தூரில் நேராக விழுவதில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்று அதனைச் சாய்த்துக் கொண்டுவந்து திண்ணை வரை தெளிக்கும். அப்படிப்பட்ட மாலைப் பொழுது ஒன்றில்தான் அந்த வரிப்பூனை எங்கள் திண்ணையில் ஏறி, தூணுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட உலர்ந்த மூலையில் சுருண்டது. யாருடைய பூனை என்று தெருவில் எவருக்கும் தெரியவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி ஒரு சிரட்டையில் பால் வைத்தாள். அவள் ஊருக்குத் திரும்பிய பின் அந்தச் சிரட்டை என் பொறுப்பாயிற்று.

பொறுப்பு என்று எழுதிவிட்டேன். உண்மையில் நான் அதனைப் பொறுப்பாக ஏற்கவில்லை. நினைவு வந்த நாளில் பால் வைத்தேன். மீன் வாங்கிய நாளில் தலையும் முள்ளும் போட்டேன். இரண்டு நாள் வெளியூர் சென்றபோது அதனைப் பற்றி எண்ணவேயில்லை. உள்ளே வர முயன்றால் விரட்டினேன். என் துணைவிக்கு இளைப்பு நோய் உண்டு. பூனையின் உரோமமும் செதிலும் அந்நோயைக் கிளறக்கூடும் என்று மருத்துவர் கூறியிருந்தார். பக்கத்து வீட்டு அம்மையார் பஞ்சாரத்தில் வளர்க்கும் கோழிக்குஞ்சுகளில் இரண்டைக் காணவில்லை என்ற வழக்கும் இதற்கிடையே எழுந்தது. பூனையோ நாளுக்கு நாள் வயிறு பருத்து வந்தது. ஆகவே அதனை வேறிடத்திற்கு அனுப்பிவிடுவது என்று ஏறத்தாழ முடிவு செய்தேன். தென்காசிச் சாலையில் அரிசி ஆலை நடத்தும் உறவினர் ஒருவர், எலித்தொல்லை தாளவில்லை, பூனை கிடைத்தால் நல்லது என்று சொல்லியிருந்தார். எல்லோர்க்கும் நன்மை தரும் முடிவாகவே அது தோன்றியது.

அன்றிரவு என் துணைவி சொன்னாள்: “ஒண்ணு, நம்ம பூனைன்னு வச்சிக்கிடுங்க, இல்லன்னா நல்ல எடமாப் பார்த்துக் குடுங்க. தெனமும் வாசல்ல நிறுத்தி வச்சி ஆசை காட்டாதீங்க.” இளைப்பால் துன்புறுகிறவள் அவள், பூனையை அகற்றச் சொல்லும் உரிமை உடையவளும் அவளே. அவள் குறை கண்டது பூனையிடத்தில் அன்று, என்னிடத்தில்.

கடையநல்லூரைச் சேர்ந்த நண்பர் ஒருவரிடம் இதனைச் சொன்னபோது, நபிமொழித் தொகுப்புகளில் வரும் ஒரு செய்தியை அவர் நினைவூட்டினார். பூனையொன்றை அடைத்து வைத்த பெண்ணொருத்தி அதன்பொருட்டு நரக தண்டனை பெற்றாள் என்பது அச்செய்தி. அவள் அதற்கு உணவும் தரவில்லை. தானாக இரை தேடித் தின்னட்டும் என்று விடவும் இல்லை. அங்கே கண்டிக்கப்படுவது பூனையை வளர்க்க மறுத்தது அன்று. ஊட்டவும் மாட்டேன், விடவும் மாட்டேன் என்று நடுவில் நின்றதே குற்றமாயிற்று. நான் அடைத்து வைக்கவில்லை என்பது மெய்தான். ஆயினும் நாள்தோறும் ஒரே மூலையில் காத்திருக்கப் பழக்கிவிட்டு, கொடுப்பதை மட்டும் என் மனம் போனபடி கொடுப்பதும் ஒருவகைக் கட்டுத்தானே?

இந்த இடத்தில் என் இளமைக்காலச் செயல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பத்து வயதிருக்கும். பாற்பானையைத் தொட்ட குற்றத்திற்காக ஒரு பூனையைச் சாக்கில் கட்டி என் கையில் கொடுத்தார் என் தந்தையார். குளக்கரை வழியே நடந்து அடுத்த ஊரில் விட்டுவிட்டு வந்தேன். நான்காம் நாள் காலையில் அது அடுக்களை வாசலில் நின்றது. இரண்டாம் முறை பேருந்தில் ஏறி, செங்கோட்டையையும் தாண்டி மலையடிவாரத்தில் சாக்கை அவிழ்த்தோம். சாக்கிலிருந்து வெளிவந்த பூனை ஓடவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. “எப்படியும் பிழைச்சிக்கிடும்” என்றார் தந்தையார். அவர் கொடியவர் அல்லர். உழவு மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் தாம் உண்ணாதவர். ஆயினும் ‘எப்படியும் பிழைத்துக்கொள்ளும்’ என்னும் சொல்லில் அவருக்கே நம்பிக்கை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இருந்திருந்தால் திரும்பும் வழியெல்லாம் பேசாமல் வந்திருக்கமாட்டார்.

அச்சொல் ஏன் பொய்யாகிறது என்பதற்குக் காரணம் உண்டு. நாய் ஆளை அறியும், பூனை வீட்டை அறியும் என்று பெரியோர் சொல்வதில் பேருண்மை இருக்கிறது. எந்தச் சுவரில் வெயில் படும், எந்த வேலியில் ஓணான் வரும், எந்தக் கடுவன் எவ்விடத்தில் மறிக்கும் என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். இடம் பெயர்த்தால் அந்த அறிவு முழுதும் ஒரு நொடியில் பயனற்றுப் போகிறது. ஆகையால்தான் புதிய இடத்திற்குக் கொண்டுசெல்லும் பூனையை ஓர் அறையில் சில வாரங்கள் வைத்துப் பழக்கிய பின்பே வெளியே விடவேண்டும் என்கின்றனர் கால்நடை மருத்துவம் அறிந்தோர். காட்டோரத்தில் விடுவது இருபுறமும் தீங்கு. பூனை பசியால் மாளும். அல்லது மாளாமல் தரையில் கூடு கட்டும் பறவைகளை மாய்க்கும். நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894 ஆம் ஆண்டு கலங்கரை விளக்கம் ஏற்பட்டபோது உடன் வந்த பூனைகளால், அங்கு மட்டுமே எஞ்சியிருந்த பறக்க இயலாத சிறு குருவியினம் சில ஆண்டுகளுக்குள் அற்றுப்போயிற்று. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் சாக்கு அவிழ்க்கும் இடம் அன்று.

சட்டமும் இதனைக் கருதாமல் இல்லை. பசியாலோ தாகத்தாலோ துன்புற நேரும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமே. முதல் குற்றத்திற்கு அச்சட்டம் வைத்த தண்டம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. என் தந்தையார் செங்கோட்டைக்குக் கொடுத்த பேருந்துக் கட்டணத்தைவிட அது கூடுதலாக இருந்திருக்கும்.

குற்றாலத்திற்குச் செல்வோர் தாயின் வயிற்றை இறுகப் பற்றித் தொங்கும் குரங்குக் குட்டிகளைக் கண்டிருப்பர். பூனைக்குட்டி அப்படிப் பற்றுவதில்லை. தாய் பிடரியைக் கவ்வியதும் உடல் தளர்ந்து தன்னை ஒப்புக்கொடுத்துவிடும். இறையருளுக்கு மனிதன் தானும் முயன்று பற்ற வேண்டுமா, ஒப்புக்கொடுத்தாலே போதுமா என்னும் வினாவில் வைணவப் பெரியோர் இவ்விரு காட்சிகளையும் உவமையாகக் கொண்டு, வடகலையார் குரங்கின் நெறியையும் தென்கலையார் பூனையின் நெறியையும் பேசினர். அருளா முயற்சியா என்று மேலைத் திருச்சபை வரலாற்றிலும் நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடியிருக்கிறோம், அது நிற்க. என் சிந்தையில் தைத்தது வேறொன்று. தாய்ப்பூனையும் குட்டியைத் தூக்கி இடம் மாற்றுகிறது. ஏழு வீடு மாற்றும் என்பது வழக்கு. மனிதனும் பூனையைத் தூக்கி இடம் மாற்றுகிறான். இரண்டிலும் தூக்கப்படுவதற்குச் சொல் இல்லை. வேறுபாடு யாருக்காகத் தூக்குகிறோம் என்பதில்தான் என்று முதலில் எண்ணினேன்.

பின்னர் அதுவும் போதாது என்று பட்டது. என் துணைவியின் மூச்சுக்காகப் பூனையை வேறு வீட்டிற்குக் கொடுத்தால், அது பூனைக்காகச் செய்யப்பட்டது அன்று, ஆயினும் தவறாகிவிடாது. மனித உயிரின் நலத்தைப் பூனையின் வசதிக்குக் கீழே வைக்க எவரும் சொல்லவில்லை. 1992 ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல், விலங்குகளை வீணே துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரண் என்று சொல்லும் அதே பத்தியில், மனிதத் துயரைத் தணிக்க முதற்கண் செல்லவேண்டிய பணத்தை அவற்றின்மீது செலவிடுவதும் தகாது என்கிறது. மனிதனுக்கே சோறில்லை, பூனைக்கு என்ன என்று கேட்போர் அடிக்கடி இந்தப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். ஆனால் என் திண்ணைப் பூனை என்னிடம் கேட்டது பெரும்பொருள் அன்று. நான் சேமித்த அரைக்கோப்பைப் பால் எந்த ஏழைக்கும் போய்ச் சேரவும் இல்லை. இதனை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

உரோமை நகரத்துப் புனித பிலிப்பு நேரியின் வாழ்க்கையில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. 1583 ஆம் ஆண்டு அவர் புனித ஜெரோம் இல்லத்தை விட்டு வல்லிசெல்லாப் புதுக்கோவிலுக்கு இடம் பெயர்ந்தார். தம் பூனையைப் பழைய அறையிலேயே விட்டுவிட்டார். ஆனால் நாள்தோறும் சீடருள் ஒருவர் சாவியுடன் அங்கே சென்று அதற்கு உணவிட்டு வரவேண்டும். திரும்பியவரிடம் பெரியோர் பலர் சூழ இருக்கும்போதே, பூனை நன்றாக உண்டதா என்று விசாரிப்பாராம். சீடரின் தற்பெருமையை ஒடுக்கவே இப்படிச் செய்தார் என்பர் வரலாற்றாசிரியர். இருக்கட்டும். அவர் பூனையை உடன் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது உண்டதா என்று கேட்பதை நிறுத்தவும் இல்லை. என் தந்தையாரும் நானும் மலையடிவாரத்துப் பூனையைப் பற்றிப் பிறகு ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. வைத்துக்கொள்வதா கொடுப்பதா என்று நான் மயங்கிக்கொண்டிருந்த நாட்களில், கொடுத்தபின் அரிசி ஆலைக்கு ஒரு முறையேனும் சென்று பார்ப்பேனா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுப் பார்த்தபோது, போகமாட்டேன் என்றே பட்டது.

ஆலை உறவினரிடம் மறுநாளே பேசினேன். நாற்புறமும் எந்திரமும் லாரியும் ஓடும் இடத்தில் சினைப்பூனையைக் கொண்டுபோய் விடுவது முறையன்று என்று அவரே சொன்னார். குட்டிகள் எட்டு வாரம் தாயிடம் வளர்ந்து, தாமே உண்ணத் தொடங்கியபின் இரண்டைச் சேர்த்து எடுத்துக்கொள்வதாகவும், முதலில் கணக்கறையில் வைத்துப் பழக்குவதாகவும் வாக்களித்தார். தாய் எங்களோடு இருக்கும். ஆனால் வீட்டினுள் அன்று. மாடு விற்றபின் வெறுமையாய்க் கிடக்கும் தொழுவத்தில் வைக்கோலும் பழைய சாக்கும் விரித்தோம். காலை ஏழு, மாலை ஆறு என்று நேரம் குறித்தோம். குட்டிகள் பால் மறந்தபின் தாய்க்குக் கருத்தடை செய்வதற்கும் தடுப்பூசி போடுவதற்கும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். துணைவியின் இளைப்பு மிகுந்தால் இந்த ஏற்பாட்டை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியதே. அதனையும் இருவரும் பேசிக்கொண்டோம்.

நாங்கள் வகுத்த திட்டத்தைப் பூனை அறியாது அல்லவா? தொழுவத்தில் மூன்று குட்டி ஈன்றது. ஐந்தாம் நாள் காலை வைக்கோல் வெறுமையாய்க் கிடந்தது. குட்டி ஒவ்வொன்றாய்க் கவ்விச் சுவரேறி, கோழி வளர்க்கும் அம்மையாரின் மச்சில் கொண்டுபோய் வைத்திருந்தது. வழக்கு முற்றிவிட்டது என்று அஞ்சினேன். உணவு நேரத்திற்கு மட்டும் அது தவறாமல் எங்கள் தொழுவத்திற்கு வந்து போயிற்று.

நேற்று மாலை அந்த அம்மையார் சுவருக்கு மேலாகத் தலை நீட்டினார். “அண்ணாச்சி, குட்டிகளுக்குக் கண்ணு திறந்துட்டு. தாய்க்குப் பால்ல தண்ணி ஊத்தியா வைக்கிய? அப்படியே வைங்க, சோறும் கொஞ்சம் பெசைஞ்சு வைங்க.” பஞ்சாரத்தின் மேல் ஒரு பழைய மீன்வலையைப் போர்த்திக் கட்டியிருந்தார்.