கருதலால் பிறக்கும் ஒலி

எம்பி3 முறை, உரத்த ஒலிக்குள் அமுங்கிவிடும் மெல்லிய ஒலிகளைக் காதுக்கு எட்டாதவை என்று கணித்து நீக்குகிறது. நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் மிஞ்சுவதில்லை. ஒலித்தரம் கூட்டும் மென்பொருள்கள் சில, மிஞ்சியதிலிருந்து மேல்சுரங்களை உண்டாக்கிச் சேர்க்கின்றன. மங்கிய ஜால்ரா மறுபடி கணீரென்கிறது. அது பழைய ஒலிதானா?

இதற்கு விடை தேட, சைவ சித்தாந்தம் துணைசெய்யும்: அது காண்டல் (நேரே காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்க சொல்) என மூன்று அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, சிறப்பாகக் கொள்ளும். புகை கண்டு நெருப்பை அறிவது கருதல்; அங்கே நெருப்பு ஏற்கெனவே எரிகிறது. மென்பொருளோ புகையைப் பார்த்துத் தானே நெருப்பு மூட்டுகிறது! எச்இ-ஏஏசி என்னும் மற்றோர் ஒலிச்சுருக்க முறை சற்று நேர்மையானது: உயர் அதிர்வெண்களின் உருவரையை மூலத்திலிருந்தே குறிப்பாக அனுப்புவதால், அது உரைக்கு நெருக்கம். மற்றவை இனிக்கலாம்; மூலப்பதிவுக்குச் சான்றாகா.