சைகோனில் சாலையைக் கடக்கும்போது

வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தை ஊர்க்காரர்கள் பேச்சில் இன்னும் சைகோன் என்றே சொல்கிறார்கள். 1976-இல் பெயர் மாறியது, வாய் மாறவில்லை. விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருப்பதால், வெளியே வந்த கொஞ்ச நேரத்திலேயே கூட்டத்தின் நடுவில் போய் விழுந்துவிடுகிறோம். டாக்சியின் இரு பக்கமும், முன்னும் பின்னும், கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் மோட்டார் சைக்கிள்கள். அந்த நகரத்தில் பதிவானவை மட்டும் 70 லட்சத்துக்கும் மேல். ஒரு வண்டியில் எரிவாயு சிலிண்டர்கள். இன்னொன்றில், பின்னால் உட்கார்ந்தவர் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருக்கிறார். மற்றொன்றில், தண்ணீர் நிரம்பிய பைகளுக்குள் தங்கமீன்கள்.

திடீரென்று மழை பிடித்துக்கொண்டால் எல்லாரும் ஓரமாக நிறுத்தி மழை அங்கி மாட்டிக்கொள்கிறார்கள். அதில் ஒரு வகை, ஓட்டுகிறவரையும் பின்னால் இருப்பவரையும் சேர்த்தே மூடும். இரண்டு தலைக்கு இரண்டு துவாரம். வண்டியின் முன்விளக்கு மறையாமல் இருக்க, அந்த இடத்தில் மட்டும் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்கள். இந்தக் கூட்டத்துக்குள் நெடுநாள் யோசனை இருக்கிறது என்பதை எனக்கு முதலில் சொன்னது அந்தப் பிளாஸ்டிக் துண்டுதான்.

இவ்வளவு வண்டிகள் வந்ததற்குக் காரணம் உண்டு. நகரத்து மக்களில் ஏராளமானோர் ‘ஹெம்’ எனப்படும் சந்துகளில் குடியிருக்கிறார்கள். பல சந்துகளில் கார் நுழையாது. சிலவற்றில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் எதிரெதிரே வந்தாலே ஒன்று ஒதுங்க வேண்டும். 1975-இல் போர் முடிந்து, அதன் பின் வந்த தட்டுப்பாட்டுக் காலத்தில் தெருக்களை நிறைத்தவை மிதிவண்டிகள். 1986-இல் ‘தோய் மோய்’ பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கி, கையில் காசு புழங்கத் தொடங்கியதும், குடும்பங்கள் ஆசைப்பட்டு வாங்கியது மோட்டார் சைக்கிளை. முதல் மெட்ரோ ரயில் ஓடியதோ 2024 டிசம்பரில்தான். வண்டி இல்லாமல் வேலைக்குப் போக முடியாது, பிள்ளையைப் பள்ளியில் விட முடியாது என்ற நிலை ஒரு தலைமுறைக்கு மேல் நீடித்தது. நெரிசலுக்குள் ஒருவரையொருவர் அனுசரித்துப் போகும் வித்தையை அந்தத் தலைமுறை தானாகவே பழகிக்கொண்டது.

பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. வட்டித் தொழில் செய்ய வந்த நகரத்தார் பெரும்பாலும் போய்விட்டார்கள். அம்மனுக்கு இன்று ஊதுபத்தி ஏற்றுகிறவர்களில் அதிகம் பேர் வியட்நாமியர்கள். கருவறைக்குப் பின்னால் உள்ள கற்சுவரில் நெற்றியை ஒட்டி வைத்து, சத்தமில்லாமல் வேண்டிக்கொள்கிறார்கள். அங்கிருந்து சந்தைப் பக்கம் நடந்தபோது பெரிய சாலை ஒன்று குறுக்கிட்டது. இடைவெளி கிடைத்ததும் போகலாம் என்று ஓரத்தில் நின்றேன். காத்து நிற்பவர்களுக்கு அந்தச் சாலையில் இடைவெளி கிடைப்பதில்லை.

கூம்புத் தொப்பி அணிந்த ஓர் அம்மா எனக்குப் பக்கத்திலிருந்து சாலையில் இறங்கினார். தோளில் மூங்கில் தண்டு. அதன் இரு முனைகளிலும் பழக்கூடைகள். அந்தச் சுமையோடு ஓட முடியாது. ஓடினால் கூடைகள் ஆடித் தோளைப் பிய்க்கும். சட்டென்று நிற்கவும் முடியாது. கூடைகள் முன்னே வீசி ஆளையே தள்ளிவிடும். தண்டு வளைந்து நிமிரும் கதிக்கு ஏற்றபடி ஒரே சீராக நடக்கத்தான் முடியும். அப்படித்தான் நடந்தார். அவருடைய அடுத்த அடி எங்கே விழும் என்பது தூரத்தில் வருகிறவர்களுக்கே தெரிந்தது. சில வண்டிகள் அவருக்கு முன்னால் வளைந்தன, சில பின்னால் வளைந்தன. யாரும் கிறீச்சென்று பிரேக் போடவில்லை, யாரும் திட்டவில்லை. அவர் நடையையே பிடித்துக்கொண்டு, அவருக்கு இணையாக நானும் மறுபக்கம் சேர்ந்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு உள்ளூர்க்காரர்கள் சொல்லும் அறிவுரையும் இதுவே: மெதுவாகப் போங்கள், நடுவில் நிற்காதீர்கள், ஓடாதீர்கள், பின்வாங்காதீர்கள். நடக்கிறவரின் வேகத்தைக் கணக்கிட்டுத்தான் ஒவ்வொரு வண்டியும் தன் வழியைத் தீர்மானிக்கிறது. பயத்தில் நின்றால் அந்தக் கணக்கு தப்பிப்போகும். ‘அவர் போகட்டுமே’ என்று மரியாதைக்காக நின்றாலும் தப்பிப்போகும். அந்த இரண்டாவது விஷயம் என்னை நெடுநாள் விடவில்லை.

விட்டுக்கொடுப்பது பெரிய குணம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது பெரிய குணம்தான். ஆனால் நாம் என்ன செய்யப்போகிறோம் என்பது எதிரே வருகிறவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நம் நல்ல மனசே அவரைத் தடுமாற வைத்துவிடும். தங்கையின் கல்யாணச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு நாளும், கை கடிக்கிறது என்று மறுநாளும் சொல்கிற அண்ணன் கெட்டவர் இல்லை. இருந்தாலும் அவரை நம்பி ஒரு மண்டபம் பிடிக்க முடியாது. ‘என்னால் இவ்வளவுதான் முடியும்’ என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிற தம்பியை வைத்துக்கொண்டு அந்தக் கல்யாணத்தை நடத்திவிடலாம். கண்டிப்பான மேலதிகாரியிடம் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர்கள் உண்டு. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்கிறவரிடம், அவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், நாள்தோறும் பயந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அன்பைப் போலவே நிதானமும் பிறருக்கு நாம் தருகிற ஒன்று. அந்த அம்மாவுக்கு அந்த நிதானத்தைத் தோள்சுமை தந்திருந்தது. பொறுப்பு நம்மைக் கட்டிப்போடுகிறது என்று அலுத்துக்கொள்கிறோம்; நம்மைச் சுற்றியிருப்பவர்கள் நம்பிக் காரியம் செய்யும்படி நம் நடையைச் சீராக்குவதும் அந்தப் பொறுப்புதான்.

இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். அதே உள்ளூர்க்காரர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: மோட்டார் சைக்கிள் உங்களைச் சுற்றிப் போகும்; பஸ்ஸும் லாரியும் போகாது. அனுசரிப்பு என்பது ஏறத்தாழ சமபலம் உள்ளவர்களுக்குள்தான் நடக்கிறது. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும், கண் தெரியாதவருக்கும், கால் தடுமாறும் முதியவருக்கும் அந்தச் சாலை வழிவிடும் என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு நடைபாதை வேண்டும், சிவப்பு விளக்கு வேண்டும், அதை மதிக்க வைக்கும் சட்டம் வேண்டும். வியட்நாம் அதைச் செய்து பார்த்திருக்கிறது. 2007 டிசம்பர் 15 முதல் மோட்டார் சைக்கிளில் போகும் எல்லாரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்று ஆனது. அதுவரை வெறுந்தலையோடு போன ஊர் ஏறக்குறைய ஒரே நாளில் அணிந்துகொண்டது. 2025 ஜனவரி 1 முதல், சிவப்பு விளக்கைத் தாண்டும் மோட்டார் சைக்கிளுக்கு அபராதம் 40 லட்சம் முதல் 60 லட்சம் டோங். பல தொழிலாளர்களுக்கு அது அரை மாதச் சம்பளத்துக்கும் மேல். நடைபாதையில் வண்டியை ஏற்றுகிறவர்களுக்கும் அபராதம் பல மடங்கு கூடியது. தொகை கடுமையானது என்ற குறை எழுந்தது; அது நியாயமான குறையும்கூட. ஆனால் அந்த நடைபாதையை நம்பி வெளியே வருகிறவர்களுக்கு வேறு பாதுகாப்பு கிடையாது.

நெரிசலான ஒரு நகரத்தில் இறங்கியதும் இங்கே ஒழுங்கு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. சைகோன் எனக்கு வேறு இரண்டு கேள்விகளைக் கொடுத்தது. இங்கே யார் யாரை நம்பி நடக்கிறார்கள்? அப்படி நம்பி நடக்க முடியாதவர்களுக்கு என்ன ஏற்பாடு? குடும்பத்துக்கும் அலுவலகத்துக்கும் இந்த இரண்டு கேள்விகளும் பொருந்தும். நமக்குச் சமமானவர்களோடு போகும்போது சீராக, தெளிவாக, சொன்னபடி போனால் போதும். அவர்கள் தங்கள் வழியைப் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பெற்றோராக, முதலாளியாக, வீட்டுச் சொந்தக்காரராக நாமே பஸ்ஸாக இருக்கும் இடங்களும் உண்டு. அங்கே நம்மைச் சுற்றிப் போகும் வலு எதிரில் இருப்பவருக்கு இல்லை. அங்கே நின்று வழிவிடுவது நம் கடமை. நிற்கப்போகிறோம் என்பதை அவருக்கு முன்பே தெரியப்படுத்துவதும் நம் கடமை.