விவேகமுள்ள கன்னியரும் நமது அடுக்களையும்



விளக்கோடு புறப்பட்டும் எண்ணெயில்லாமல் தவித்த ஐந்து கன்னியரின் உவமை, அர்ச். மத்தேயு எழுதின சுவிசேஷத்தின் 25-ம் அதிகாரத்தில் இருக்கிறது. இக்காலத்தில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நவம்பர் மாதத்து ஞாயிறு பூசையிலே அது வாசிக்கப்படுகிறது. நம் கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான மாதம் வேறில்லை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி வந்தது. 2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியது. 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதைப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை.

இவ்வுவமையை ஆத்துமத்தைக் குறித்தே பிரசங்கிப்பது வழக்கம். அது நியாயமே. ஆனாலும் நமதாண்டவர் மெய்யான விளக்கையும் மெய்யான எண்ணெயையும் வைத்தே பேசினார் என்பதை மறக்கலாகாது. புத்தியில்லாத அந்த ஐந்து பேரும் கெட்டவர்கள் என்று அவர் சொல்லவில்லை. அவர்களும் அழைக்கப்பட்டவர்களே; அவர்களும் காத்திருந்தார்கள். தூங்கினார்கள் என்றால் பத்துப் பேரும்தான் தூங்கினார்கள். மணவாளன் வரத் தாமதித்தால் என்ன செய்வது என்று முன்கூட்டி நினையாததே அவர்களுடைய குறை.

“எல்லாம் ஆண்டவர் சித்தம், சாமி! நாம் செய்வது என்ன இருக்கிறது?” என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். கேட்பதற்குப் பக்தியான பேச்சுத்தான். ஆனால் நாம் செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டு, சர்வேசுரன் காப்பாற்றுவார் என்று சும்மாயிருப்பதை ஞானோபதேசம் மிஞ்சின நம்பிக்கை என்று பாவக் கணக்கிலே சேர்க்கிறது. தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதி, சம்மனசுகள் தாங்கிக்கொள்வார்கள் என்று நமதாண்டவருக்கு யோசனை சொன்னவன் யார்? பசாசு அல்லவா! அதற்கு மாறாக அர்ச். சூசையப்பரைப் பாருங்கள். ஆபத்து வருகிறதென்று கனவிலே எச்சரிக்கை கிடைத்ததும், பொழுது விடியட்டும் என்று இராமல், இரவோடிரவாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எஜிப்துக்குப் புறப்பட்டார். தச்சுப்பட்டறையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் கேட்டதாக எழுதப்படவில்லை.

இதை ஏன் சொல்லுகிறோம் என்றால், முகாமுக்குப் போங்கள் என்று தாசில்தாரின் ஆட்கள் வந்து சொல்லும்போது, ஆட்டைக் காட்டியும் அண்டாவைக் காட்டியும் நின்றுவிடுகிற குடும்பத் தலைவர்கள் நம்மிடையே உண்டு. ஆடுகளை அவிழ்த்து விட்டுவிடுங்கள், கட்டிக்கிடந்தால்தான் சாகும். நகையையும், ரேஷன் கார்டு, பட்டா, ஆதார், ஞானஸ்நான சர்டிபிகேட் முதலிய காகிதங்களையும் பிளாஸ்டிக் உறையிலே சுற்றி ஒரே பையில் இப்பொழுதே போட்டு வைத்தால், அந்த இரவிலே தேட வேண்டியதில்லை. முக்கியமான டெலிபோன் எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதி அதிலே வையுங்கள். செல்போன் செத்துப்போனால் மகனுடைய எண்கூட நமக்கு ஞாபகமிருப்பதில்லை! மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, ஆம்புலன்சுக்கு 108.

புயலின் நடுவிலே காற்று திடீரென்று நின்றுபோவதுண்டு. நடுக்கண் நம் ஊருக்கு மேலே கடக்கிற நேரம் அது. போய்விட்டது என்று எண்ணி வெளியே வருகிறவர்களை, எதிர்த்திசையிலிருந்து மறுபடியும் காற்று வந்து அடிக்கும். ரேடியோவிலே கடந்துவிட்டது என்று சொல்லும்வரை கதவைத் திறக்க வேண்டாம்.

கஜாவுக்குப் பிறகு நம்மை அதிகம் வாட்டியது காற்றல்ல, இருட்டும் தாகமுமே. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாவிட்டால் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லாவிட்டால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லை. வாடகை ஜெனரேட்டர் தெருவுக்குத் தெரு போய்த் தொட்டி நிரப்பியதைக் கண்ணால் கண்டோம். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாலு லிட்டர் என்று வைத்தாலும், ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர், அதாவது நாலு குடம் வேண்டும். எச்சரிக்கை வந்த அன்றே மூடியுள்ள பாத்திரங்களில் பிடித்து வையுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றுத் தண்ணீரை நன்றாய்க் கொதிக்கவிடாமல் குடிக்கலாகாது. தீப்பெட்டியை எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். ஈரத்தில் ஊறின தீப்பெட்டியோடு அர்ச். அந்தோனியாரை வேண்டிப் பயனில்லை.

பெப்ருவரி 2-ந் தேதி மந்திரித்த மெழுகுதிரியைப் புயல் இரவிலே ஏற்றி ஜெபமாலை சொல்லுவது நம் முன்னோர் விட்டுப்போன நல்ல வழக்கம். அதைக் கொசுவலைக்கும் பாயிக்கும் தூரமாய், தண்ணீர் ஊற்றின தட்டின் நடுவிலே நிறுத்தி ஏற்றுங்கள். எரிய விட்டுத் தூங்காதீர்கள். ஜெனரேட்டர் வைத்திருப்போர் அதை வீட்டுக்குள்ளும் தாழ்வாரத்திலும் ஓட்டலாகாது. அதன் நச்சுப் புகைக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று யார் சொன்னாலும் கிட்டப் போகாதீர்கள். இன்சுலின் போடுகிற நீரிழிவுக்காரர்கள், மண்பானையில் ஈர மணல் பரப்பி அதற்குள் மருந்தைச் சிறு பாத்திரத்தில் வைத்தால் குளிர்ச்சி இருக்கும். அதை எத்தனை நாள் வைத்துப் போடலாம் என்று டாக்டரிடம் இப்பொழுதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

விவேகமுள்ள கன்னியர் ஏன் எண்ணெயைப் பகிர்ந்து கொடுக்கவில்லை, அது சுயநலமல்லவா என்று ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். நடுராத்திரியில் பகிர முடியாதவை சில உண்டு. ஆயத்தமாயிருப்பது அவற்றில் ஒன்று. ஆனால் அரிசி அப்படிப்பட்டதல்ல, தண்ணீரும் அப்படிப்பட்டதல்ல. அன்றாடம் கூலி வாங்கி அன்றன்றைக்கு உலை வைக்கிறவனிடம், ஒரு வாரத்து அரிசி வாங்கி வை என்று பிரசங்கிப்பது அநியாயம். அதை வசதியுள்ளவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். உங்கள் குடும்பத்துக்கு என்று வாங்கும்போது, பக்கத்துக் குடிசைக்கும் என்று நாலு படி சேர்த்து வாங்குங்கள். அதைத் திருப்பிக் கேட்காதீர்கள். மழைக்கு முந்தியே அந்த வீட்டாரிடம், “அக்கா, காத்து பலமானா புள்ளைகளோட எங்க வீட்டுக்கு வந்துடுங்க” என்று சொல்லிவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டே நனைந்த சுவரின் கீழே இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

தனியாய் வசிக்கும் முதியவர்கள், படுக்கையிலிருக்கும் நோயாளிகள், நிறைமாதக் கர்ப்பிணிகள் ஆகியோர் பெயர்களை வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் வீடு வீடாய் வந்து எழுதுவார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, யார் போய்த் தூக்கி வருவது என்று இரண்டு வாலிபர்களின் பெயரும் எழுதப்படும். பள்ளிக்கூடத்துச் சாவி ஒன்று உபதேசியாரிடமும், மற்றொன்று கோவில் பிள்ளையிடமும் இருக்கும். இரவு எந்நேரமானாலும் தட்டுங்கள்.