செய்தித்தாளும் சொல்லறிவும்

ஆங்கிலச் சொற்களைக் கற்பதற்குச் செய்தித்தாளினும் சிறந்த பாடநூல் இல்லை என்று நம் ஆசிரியர்களுட் பலர் நெடுங்காலமாகக் கூறி வந்துள்ளனர். அதில் உண்மை இல்லாமலில்லை. அகராதியில் ஒரு சொல் தனித்துக் கிடக்கிறது. செய்தியிலோ அது நாள்தோறும் திரும்பத் திரும்ப வருகிறது. நிகழ்ச்சியைத் தாய்மொழி வாயிலாக முன்னரே அறிந்துள்ள மாணவன், சொல்லின் பொருளைத் தானே ஊகித்துக் கொள்கிறான். தனியார் வகுப்புக்குப் பணங்கட்ட வழியற்ற வீட்டுப் பிள்ளைக்குக் கடையில் பொதிசுற்றித் தந்த பழைய பத்திரிகை கூடப் பயன்படும். (தலைப்புக்களின் ஆங்கிலத்தை அப்படியே பற்றிக்கொண்டவன், தகப்பனார் தன்னைக் கேள்வி கேட்டதையும் 'புறோப்' என்று எழுதி வைப்பான். பத்தியின் அகலம் போதாமையாற் பெருகிய குறுஞ்சொற்கள் அவை என்பதை யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும்.)

1959ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் 'வொய்ஸ் ஒவ் அமெரிக்கா' வானொலி, ஏறத்தாழ 1500 சொற்களை மட்டுங்கொண்டு, சிறுசிறு வாக்கியங்களில், மெதுவாக வாசிக்கப்படும் செய்திகளை ஒலிபரப்பத் தொடங்கியது. உலகின் பல பாகங்களிலும் அதனைக் கேட்டு ஆங்கிலம் பயின்றோர் உளர். பனிப்போர் உச்சத்திலிருந்த காலம் அது. சொல்லைக் கற்பித்தவனே செய்தியையுந் தெரிந்தெடுத்தான். இதனை ஒரு சதியென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு சொல்லைச் செய்தியிலிருந்து கற்கும் மாணவன், அச்சொல்லை மட்டுந்தான் கற்கிறானா என்ற கேள்வியை நாம் தட்டிக்கழிக்க முடியாது.

செயப்பாட்டு வினையை எடுத்துக்கொள்வோம். செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக மாற்றுக என்று பரீட்சையிற் கேட்கிறார்கள். மாற்றும்போது வினை செய்தவனை நீக்கிவிட்டாலும் பிழையில்லை என்று நாமே கற்பிக்கிறோம். இலக்கணப்படி அது சரி. 1940ஆம் ஆண்டில் முல்லோயாத் தோட்டத்தில், ஊதிய உயர்வு கோரிய வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதிற் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். இதனையே 'துப்பாக்கிப் பிரயோகத்தில் ஒருவர் பலி' என்றும் எழுதலாம். சுட்டவரும் போய்விட்டார், கேட்ட கூலியும் போய்விட்டது, செத்தவரின் பெயருங்கூடப் போய்விட்டது. வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை! ஆங்கிலச் செய்தியின் இந்த வாய்பாட்டை நம் தமிழ்த் தினசரிகளும் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துத் தமதாக்கிக் கொண்டமையால், ஆங்கிலத்தை மட்டும் குறைகூறுவதற்கு நமக்கு உரிமையில்லை.

இக்கேள்வி எனக்கு நூல்களிலிருந்து எழவில்லை. மலையகத்துப் பாடசாலையொன்றிற் கற்பித்த நாட்களில், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பற்றிய ஆங்கிலக் கட்டுரையொன்றைச் சொற்பயிற்சிக்காக வகுப்பிற் கொடுத்தேன். 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவது, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பது என்பது அவ்வொப்பந்தம். அதில் வந்த 'றிபற்றியேஷன்' என்ற சொல்லுக்கு, 'சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புதல்' என்று கரும்பலகையில் எழுதினேன். அகராதிப் பொருள் அதுவே. தந்தை நாடு எனப் பொருள்படும் இலத்தீன் சொல் அதன் அடியில் உள்ளது என்றும் விளக்கினேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சேர், எங்க அப்பாயி பொறந்தது மஸ்கெலியாவுலதான். இந்தியாவப் பாத்ததே இல்ல. போகாத ஊருக்கு எப்படி சேர் திரும்பிப் போறது?"

வகுப்புச் சிரித்தது. என்னாற் சிரிக்க முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது; அதற்குப் பின் வந்த இந்தச் சொல்லோ, அவர்களுக்கு வேறோரிடத்திற் சொந்த நாடு உண்டென்று உறுதிகூறி, அனுப்பும் செயலை ஓர் உபகாரம்போலத் தோன்றச் செய்தது. அரச ஆவணங்களும் பத்திரிகைகளும் ஆண்டாண்டாக அதனை வழங்கின. நானும் அப்படித்தான் கற்றேன். பிழையற்ற உச்சரிப்போடு.

அப்படியாயின் செய்தித்தாளை வகுப்பிலிருந்து அகற்றிவிடலாமா? சில நண்பர்கள் இலக்கியம் போதும் என்கிறார்கள். இது வசதி படைத்தோரின் யோசனை. வீட்டிலேயே ஆங்கிலம் பேசுபவனின் பிள்ளைக்கு இச்சொற்கள் எப்படியும் வந்து சேரும். தோட்டத்துப் பிள்ளைக்கு வாரா. தன்னைப் பற்றி எழுதப்பட்ட சொல்லையே அறியாதவள் அதனை எங்ஙனம் மறுப்பாள்? அம்மாணவி கேள்வி கேட்டது சொல்லைக் கற்ற பின்னரன்றோ? ஆகவே கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் பொருளெழுதியதும் கரும்பலகையைத் துடைத்துவிடும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். ஒரே நிகழ்ச்சியைப் பற்றி இரு பத்திரிகைகள் எழுதியதை அருகருகே வைத்து, யார் யாரை எச்சொல்லால் அழைக்கின்றனர் என்று பார்க்கச் சொல்கிறேன். இதற்கு நேரமெடுக்கும், பாடத்திட்டம் பின்தங்கும், அதிபரின் முகமுஞ் சுருங்கும்.

அடுத்த வாரம் அம்மாணவியின் சொற்பயிற்சிக் கொப்பியைத் திருத்தினேன். அச்சொல்லுக்கு நேரே நான் சொன்ன பொருளை எழுதியிருந்தாள். அதன் கீழ், சிறிய எழுத்தில், 'பிறந்த ஊரிலிருந்து அனுப்பிவிடுதல்' என்றும் எழுதியிருந்தாள். பரீட்சையில் முதலாவதற்கே புள்ளி கிடைக்கும் என்று அவளிடம் சொன்னேன். "தெரியும் சேர்" என்றாள். இரண்டையும் வெட்டாமல் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.