பிரியமும் பூட்டும்

பழகிய பொருளிடம் மனிதனுக்கு உண்டாகும் பற்றை அன்பு என்று சொல்லலாமா? வேதாந்திகள் அதைப் பந்தம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். எனக்கு அவ்வளவு அவசரமில்லை. பற்றிலும் இரண்டு வகை உண்டு என்று தோன்றுகிறது. பொருளின் குணத்துக்காக அதை விடாமலிருப்பது ஒன்று. விட்டால் வேறெதையோ இழக்க நேரும் என்பதற்காக விடாமலிருப்பது மற்றொன்று. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

இந்த வித்தியாசத்தை எனக்குத் துலக்கிக் காட்டியது மிகச் சாமானியமான ஒரு காரியம். பல வருஷங்களாக ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்த நான் ஐபோனுக்கு மாறினேன். ஆண்ட்ராய்டில் திரையின் இடது, வலது ஓரங்களில் எதிலிருந்து விரலை உள்ளே இழுத்தாலும் முந்தைய பக்கத்துக்குத் திரும்பிவிடலாம். ஐபோனில் வலது ஓரம் அதற்கு உதவாது. ஒரு வாரம் என் வலக் கட்டைவிரல் இல்லாத கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் புது வழக்கத்தைக் கற்றுக்கொண்டது. மற்றச் சௌகரியங்களில் ஒன்று இங்கே கூடும், இன்னொன்று அங்கே கூடும். 2007-ல் முதல் ஐபோனும் 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போனும் விற்பனைக்கு வந்தன. அன்றிலிருந்து ஒன்றையொன்று பார்த்துப் பார்த்து, இன்று இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே முகஜாடை வந்துவிட்டது.

அப்படியானால் மாறுவதற்கு மனிதர்கள் ஏன் இத்தனை தயங்குகிறார்கள்? விரலை நினைத்து அல்ல, உறவை நினைத்து. வாட்ஸ்அப்பில் சேர்ந்த பேச்சுக்களை இந்த இருவகைப் போன்களுக்கிடையே கொண்டு செல்ல, 2021 வரை அந்த நிறுவனமே வழி செய்து தரவில்லை. தகப்பனார் கடைசியாகப் பேசி அனுப்பிய குரல் பழைய போனிலேயே தங்கிவிடும் என்றால், யாருக்குத்தான் மாற மனம் வரும்?

அமெரிக்காவில் இந்தத் தயக்கத்துக்கு நிறமே உண்டு. அங்கே ஏராளமானோர் போனோடு வரும் செய்தி வசதியிலேயே பேசிக்கொள்கிறார்கள். ஐபோனிலிருந்து ஐபோனுக்குப் போகும் செய்தி நீலம். ஆண்ட்ராய்டுக்குப் போவது பச்சை. நெடுங்காலம், பச்சைக்காரருக்கு அனுப்பிய வீடியோ மங்கிக் குழம்பித்தான் போய்ச் சேர்ந்தது. 2022-ல் ஒரு கூட்டத்தில், தம் தாயாருக்குச் சில வீடியோக்களை அனுப்ப முடியவில்லை என்று ஒருவர் முறையிட்டார். அம்மாவுக்கு ஓர் ஐபோன் வாங்கிக் கொடுக்கும்படி யோசனை சொன்னார் ஆப்பிளின் தலைவர் டிம் குக். அந்நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் 2013-ல் எழுதிய கடிதம் 2021-ல் ஒரு வழக்கில் வெளியாயிற்று. தங்கள் செய்தி வசதியை ஆண்ட்ராய்டுக்கும் கொடுத்துவிட்டால், ஐபோன் குடும்பங்கள் தம் குழந்தைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித் தருவதற்குள்ள ஒரு தடை நீங்கிவிடும் என்பது அதன் கருத்து. 2024-ல் அமெரிக்க அரசாங்கமே ஆப்பிள் மீது வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில் அந்நிறுவனம் புதிய முறை ஒன்றை ஏற்றதால் வீடியோ தெளிந்தது. நிறம் மட்டும் பச்சையாகவே நின்றது.

மூடிய வீட்டில் பாதுகாப்பு அதிகம் என்று நிறுவனம் சொல்லும் சமாதானத்தை நான் முழுதும் தள்ளமாட்டேன். திருடன் நுழையாதிருக்கத் தாழ்ப்பாள் வேண்டியதுதான். ஆனால் திருடனுக்காகப் போடும் தாழ்ப்பாள் கதவுக்கு உட்புறம் இருக்கும். குடியிருப்பவனுக்காகப் போடும் தாழ்ப்பாள் வெளிப்புறம் இருக்கும். எந்தப் புறம் என்று பார்த்தால் எண்ணம் விளங்கிவிடும். இங்கே அந்தத் தாழ்ப்பாளை எதனால் செய்திருக்கிறார்கள்? இரும்பினால் அல்ல; தாயிடம் பிள்ளைக்குள்ள பிரியத்தினால். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில், டெலிபோன் கம்பெனியை விட்டு விலகினால் எண்ணையும் இழக்க வேண்டியிருந்தது. 2011 ஜனவரியில், எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளும் உரிமை இந்தியா முழுவதற்கும் வந்தது. அதனால் எல்லோரும் ஓடிவிடவில்லை. பலர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஆனால் அப்படி இருப்பதற்கு அன்றுதான் ஓர் அர்த்தம் உண்டாயிற்று. போக வழியிருந்தும் போகாதவனையல்லவா விசுவாசி என்று சொல்ல வேண்டும்?

அடுத்த முறை நீங்கள் கடைக்குப் போனால், காமிராவைப் பற்றிக் கேட்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: “நாளைக்கு இதை விட்டுப் போனால், என்னோடு என்னென்ன வரும்?” கடைக்காரர் விழிப்பார். பரவாயில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.