இருட்டோடு எழுந்தவர்

வாசிக்க: மாற்கு 1:32–38

விழுப்புரம் சந்திப்பில் ஐந்து திசை ரயில் பாதைகள் கூடுகின்றன. ஒலிபெருக்கி ஓய்ந்தால் டீ விற்பவர் குரல், அதுவும் ஓய்ந்தால் எஞ்சின் இரைச்சல். அங்கிருந்து திருவண்ணாமலை போகும் பாதையில் இருக்கிறது திருக்கோவிலூர். 1955 டிசம்பரில் அந்த ஊர்த் தபோவனத்துக்கு ஒரு பிரெஞ்சுத் துறவி வந்தார்.

அவர் ஹென்றி லெ சோ. 1929இல் பெனடிக்ட் சபை மடத்தில் சேர்ந்தவர். 1948இல் தமிழ்நாட்டுக்கு வந்தவர். 1950இல் குளித்தலை அருகே காவிரிக் கரையில் அருட்தந்தை மோன்சானினுடன் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கி, அபிஷிக்தானந்தா என்று பெயர் ஏற்றார். அபிஷேகம் பெற்றவராகிய கிறிஸ்துவில் ஆனந்தம் என்பது அந்தப் பெயரின் கருத்து.

தபோவனத்தில் அதன் குருவான சுவாமி ஞானானந்தகிரியைக் கண்டவர், அடுத்த ஆண்டே மறுபடியும் வந்து சில வாரங்கள் தங்கித் தியானத்தில் இருந்தார். அதே 1956 நவம்பரில் தொடங்கி, கும்பகோணத்தில் மௌன மந்திர் எனப்படும் ஒரு மௌன இல்லத்தில் 32 நாள் தனித்திருந்தார். சாப்பாடுகூட ஆள் முகம் தெரியாமல் உள்ளே வந்தது.

மௌனமே ஒழுங்காக இருந்த மடத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு வாழ்ந்தவர் அவர். அவருக்கே மௌனத்தில் இன்னும் கற்க இருந்தது. வாய் மூடிய பிறகும் மனம் பேசிக்கொண்டே இருக்கும் என்பதை ஒரு நிமிடம் கண்மூடி உட்கார்ந்தவர் அனைவரும் அறிவோம்.

நமக்கு 32 நாள் எங்கே கிடைக்கும்? திண்டிவனத்தில் பஸ் மாறி வேலைக்கு ஓடுகிறோம். ஒரே அறையில் ஐந்து பேர் படுத்தெழும் வீட்டில் கதவை மூடி ஜெபிக்க அறைவீடு ஏது?

கப்பர்நகூமில் இயேசு தங்கியதும் சீமோனின் வீட்டில்தான். மாலையில் ஊரே வாசலில் வந்து கூடியது. நோயாளிகளைச் சுகப்படுத்தி ஓய்ந்தவர், மறுநாள் எல்லோரும் உறங்கும்போதே இருட்டோடு எழுந்து தனி இடத்துக்குப் போனார். இடம் இல்லாதவருக்கு விடியற்காலம் அறைவீடு ஆனது.

சீமோன் தேடி வந்து, எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சொன்னபோது அவர் கூட்டத்திடம் திரும்பவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். ஊர் அழைக்கும் பக்கமும் பிதா அனுப்பும் பக்கமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த வேறுபாடு தனிமையில் தெளிகிறது.

நாளைக் காலை, போனைக் கையில் எடுக்கும் முன் பத்து நிமிடம் உட்காருங்கள். விண்ணப்பம் எதுவும் வேண்டாம். மனம் ஓடினால் வருத்தப்படாமல், இயேசுவே என்று ஒருமுறை சொல்லித் திரும்பி வாருங்கள். எத்தனை முறை ஓடினாலும் அத்தனை முறை திரும்பலாம்.

ஜெபம்: ஆண்டவரே, இத்தனை நாளும் நானே பேசினேன். இன்று உம் அருகில் சும்மா இருக்க எனக்குக் கற்றுத்தாரும். ஆமென்.