விதி என்று சொல்லுமுன்

சபரகமுவையின் நிவித்திகலையில் மாணிக்கக் குழியில் இறங்குகிறவர் சாமி கும்பிட்டுவிட்டே இறங்குவார். கல் அகப்படாவிட்டால் 'நேரம் சரியில்லை' என்பார். தோட்டத்துப் பிள்ளையின் கம்பியூட்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனாலும் வீட்டில் அதே பேச்சுதான். இன்று வேர்ட் தானாக மூடிக்கொள்கிறது, நாளைக்குப் படம் திறக்க மறுக்கிறது, மறுநாள் நீலத் திரை. ஒழுங்கே இல்லாத இந்தத் தொல்லைக்கு ஒரு காரணம் உண்டா? காரணமில்லாமலும் ஒன்று நடக்குமா?

கேள்வி பழையது. காலம், இயல்பு, நியதி, தற்செயல் இவற்றில் எது உலகுக்குக் காரணம் என்று சுவேதாசுவதர உபநிடதம் விசாரிக்கிறது. எல்லாம் நியதியே என்றார்கள் ஆசீவக சமயத்தார். சைவ சித்தாந்தம் அப்படி அவசரப்படவில்லை. காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளை, அதாவது அறியும் வழிகளைச் சொல்லிவிட்டுத்தான் சிவஞான சித்தியாரின் சுபக்கம் இறைவனாகிய பதியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது.

பழுது பார்க்கிறவர் செய்வதும் அளவைதான். மெம்டெஸ்ட்86 என்ற சோதனை நிரல் மெமரியின் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றை எழுதி, திரும்பப் படித்து, ஒத்திருக்கிறதா என்று இரவு முழுக்கப் பார்க்கும். பிழை காட்டினால் ஒரு மெமரித் துண்டை (ரேமை) கழற்றிவிட்டு மற்றதைத் தனியாகச் சோதிப்பார். ஒன்று இருக்கும்போது பிழை வந்து, எடுத்ததும் நின்றுபோனால் குற்றவாளி பெரும்பாலும் அதுதான். புகையைக் கண்டு நெருப்பை அறிகிற அதே கருதல். ஹார்ட் டிஸ்க்கில், கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட பகுதிகள் கூடுகின்றனவா என்பதை, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவு சொல்லும்.

கூகுள் சேர்வர்களின் மெமரியை ஆராய்ந்து 2009இல் பியாங்கா ஷ்ரோடர் குழு வெளியிட்ட முடிவு இங்கே முக்கியமானது. ஆண்டொன்றில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட மெமரிகளில் பிழை வந்தது. அந்தப் பிழைகளில் பெரும்பாலானவை வன்பொருளே பழுதானதால் வந்தவை. தற்செயலாகத் தெரிந்ததில் பெரும்பங்குக்குக் காரணம் இருந்தது.

மிச்சம்?

1978இல் இன்டெலின் டிமோதி மே, சிப் உறையில் கலந்திருந்த யுரேனிய, தோரியத் துணுக்குகள் உமிழும் ஆல்பாத் துகள்களே மெமரியின் பிட்டுகளைப் புரட்டுகின்றன என்று கண்டார். தோரியத்துக்கும் சபரகமுவைக்கும் பழைய உறவு உண்டு. தோரியனைட் என்ற கனிமம் 1904இல் முதன்முதலில் கிடைத்தது இந்த மண்ணில்தான். அந்தக் கண்டுபிடிப்போடு சேர்த்துப் பேசப்படுபவர் ஆனந்த குமாரசுவாமி. பின்னாளில் சிவ தாண்டவத்தின் தத்துவத்தை உலகுக்கு விளக்கியவரும் அவரே. ஒரு தோரிய அணு எந்த நொடியில் சிதையும் என்று இயற்பியலால் சொல்ல முடியாது. நிகழ்தகவை மட்டுமே சொல்லலாம். ஆகவே தற்செயல் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதையும் அளந்துதான் கண்டார்கள். தூய உறைப் பொருளையும் பிழை திருத்தும் முறையையும் கொண்டு அதன் கேட்டைக் குறைத்தார்கள்.

விதியை நம்புகிறவருக்கு இதனால் நம்பிக்கை குறையாது. கெட்டுப்போன ரேமுக்கு விதி என்று பெயர் வைப்பதுதான் விதிக்குச் செய்யும் அவமதிப்பு.

எனவே அப்படியொரு கம்பியூட்டர் வீட்டில் இருந்தால், விண்டோஸை அழித்துத் திரும்பப் போடுமுன் பிள்ளையின் பாடங்களைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அன்றிரவே மெமரிச் சோதனையை ஓடவிடுங்கள்.